பொது டெம்ப்ளேட்டில் சேர்வர் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகம் என்று வையுங்கள். நல்ல கணினி ஒன்று, அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்). உபுண்டு லினக்ஸை ஒருமுறை நிறுவி டெம்ப்ளேட், அதாவது நகலெடுக்கும் மாதிரி, ஆக்கிவிட்டால், வாடிக்கையாளர் கேட்கும்போதெல்லாம் சில நிமிடங்களில் ஒரு சேர்வர் தயார். நல்ல வழிதான். அதற்குள் என்னென்ன வேண்டும் என்று எல்லோரும் பார்க்கிறார்கள், எது இருக்கவே கூடாது என்று பார்ப்பதில்லை.

அதிகம் அலைக்கழிப்பது மெஷின் ஐடி. லினக்ஸ் நிறுவும்போது அந்த இயந்திரத்துக்கென 32 எழுத்தில் ஓர் அடையாளம் உருவாகி ஒரு கோப்பில் எழுதப்படும். அதை விட்டுவைத்து டெம்ப்ளேட் ஆக்கினால் எல்லாக் குளோன்களுக்கும் (நகல்களுக்கும்) அதே அடையாளம். உபுண்டு சேர்வர் டிஎச்சிபியில் (ரூட்டர் தானாக முகவரி கொடுக்கும் முறை) ஐபி முகவரி கேட்கும்போது வழக்கமாக இதிலிருந்து உருவாக்கிய ஐடியைத்தான் காட்டும். நெட்வொர்க் கார்டுக்குரிய மேக் முகவரி வேறாக இருந்தாலும் ரூட்டருக்கு இரண்டு குளோன்களும் ஒரே ஆள், ஆகவே ஒரே ஐபி. மின்வெட்டு முடிந்து எல்லாம் ஒன்றாக எழும்பும்போது கூத்தைப் பார்க்கலாம். சேர்வர் இருக்கிறதா என்று பிங் போட்டால் பதில் வரும், விட்டுப்போகும், திரும்ப வரும். ஒருமுறை உள்ளே போனால் கணக்கு சேர்வர், அடுத்தமுறை இணையத்தள சேர்வர். பெடியன்கள் கேபிளை மாற்றுவார்கள், சுவிட்சை மாற்றுவார்கள்.

டெம்ப்ளேட் ஆக்குமுன் அந்தக் கோப்பை வெறுமையாக்கினால் போதும். அடுத்த பூட்டில் புதியது தானாக உருவாகும். ஆனால் வெறுமையாக்கிய பிறகு, 'எதற்கும் ஒருக்கா பார்ப்பம்' என்று பூட் செய்தால் அடையாளம் திரும்பவும் எழுதப்பட்டுவிடும். பலர் வழுக்குவது இங்கேதான்.

எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சேர்வருக்குள் நுழையும் வழி) ஹோஸ்ட் கீகளும், அதாவது சேர்வர் தன்னை நிரூபிக்கும் சாவிகளும், இதே கதை. எல்லாச் சேர்வரிலும் ஒரே கீ என்றால், ஒன்றில் ரூட் உரிமை (முழு அதிகாரம்) உள்ளவர் மற்றதைப் போல வேடம் போடலாம். அழித்துவிடுங்கள். க்ளவுட் இனிட் (முதல் பூட்டில் சேர்வரைத் தானாக அமைக்கும் மென்பொருள்) இருந்தால் புதியதை உருவாக்கிக்கொள்ளும். அது இல்லாத டெபியன் லினக்ஸில் நீங்களே ஏற்பாடு செய்யாவிட்டால் எஸ்எஸ்எச் எழும்பாது. வேலையை விட்டுப்போனவரை இன்னும் உள்ளே விடும் பப்ளிக் கீ கிடக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸ் என்றால் இந்த அடையாளங்களை நீக்க அதிலேயே உள்ள கருவி சிஸ்ப்ரெப், வேறு பேச்சில்லை.

'பொது' என்றதும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், ஜாவா என்று கண்டதையும் உள்ளே திணிப்பது இன்னொரு பழக்கம். மைஎஸ்கியூஎல் முதல்முறை ஓடும்போதே தனக்கென ஒரு யூயூஐடியை (தனித்த அடையாளத்தை) எழுதிவிடும். அதே டெம்ப்ளேட்டில் இரண்டு சேர்வர் எடுத்து ஒன்றிலிருந்து மற்றதுக்கு ரெப்ளிகேஷன் (தரவைத் தானாக நகலெடுப்பது) போட்டால் ஓடாது. டெம்ப்ளேட்டில் இயங்குதளமும் பொதுவான பாதுகாப்பு அமைப்புகளும் இருக்கட்டும். மிச்சத்தை அன்சிபிள் (சேர்வர்களைத் தானாக அமைக்கும் கருவி) பார்த்துக்கொள்ளும்.

டிஸ்க்கைச் சின்னதாகவே வையுங்கள். பிறகு பெருப்பிப்பது லேசு. எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைச் சுருக்குவது நடக்காத காரியம்.

டெம்ப்ளேட் கிழடு தட்டுவதையும் மறந்துவிடுகிறார்கள். சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜூன் 30இல் முடிந்தது. அதில் இப்போது குளோன் எடுத்தால் அப்டேட்டே வராது. ஆதரவு உள்ளதிலும், ஆறு மாதம் தொடாமல் விட்டால் ஒவ்வொரு குளோனும் அதே அப்டேட்டுகளைத் தனித்தனியாக இறக்கும். மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று அளந்து தரும் இணைப்பில் அது நேரே பில்லில் தெரியும். மாதம் ஒருமுறை புதிய டெம்ப்ளேட் செய்து, பெயரில் தேதி போடுங்கள். பழையதில் லிங்க்ட் குளோன் (டெம்ப்ளேட்டின் டிஸ்க்கையே நம்பியிருக்கும் நகல்) எடுத்திருந்தால், அந்தக் குளோன் உள்ளவரை ப்ராக்ஸ்மாக்ஸ் அதை அழிக்க விடாது. சோதனைக்கு லிங்க்ட் போதும், வாடிக்கையாளருக்குப் போவதற்கு முழுக் குளோன் எடுங்கள்.