முதல் கத்திப் பிடி: மரக்கட்டை பொருத்தும் முறை

கத்திக்குப் பிடி பொருத்தும்போது பசை தடவும் வேலை பத்து நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அந்தப் பத்து நிமிடங்களுக்கு முன் முடித்திருக்க வேண்டிய வேலைகளில் ஒன்று விடுபட்டாலும், பசை இறுகிய பிறகு அதைச் சரிசெய்ய வழி இருக்காது. நான் முதன்முதலில் பிடி போட்ட கத்தியை இன்றும் அடுக்களையில் பயன்படுத்துகிறேன். அதன் முன் விளிம்பில் நான் தேய்க்காமல் விட்ட சொரசொரப்பும், அதில் படிந்து கறுத்த பசைக் கோடும் அப்படியே இருக்கின்றன. ஆகவே இந்த விளக்கத்தில் பசைக்கு முந்தைய வேலைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கத்திப் பிடிகளில் இரண்டு வகைகள் பரவலாக உள்ளன. அரிவாளிலும் கதிர் அரிவாளிலும் இரும்பின் பின்பகுதி கூராக நீண்டு ஒரே மரக்கட்டைக்குள் இறங்கியிருக்கும். கட்டை பிளந்துவிடாமல் அதன் வாயில் பூண் போட்டிருப்பார்கள். அடுக்களைக் கத்திகள் பலவற்றில் பின்பகுதி பிடியின் முழு அகலத்துக்கும் தட்டையாக இருக்கும். இருபுறமும் மரக்கட்டை வைத்து ஆணியால் இணைத்திருப்பார்கள். முதல்முறை செய்பவருக்கு இரண்டாவது வகையே ஏற்றது. ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய முடியும் என்பதே அதற்குக் காரணம். கத்தியின் இரும்பை இங்கே அலகு என்றும், அதில் பிடிக்குள் செல்லும் பகுதியை வால் என்றும், இருபுறமும் வரும் மரத்தைப் பிடிக்கட்டை என்றும் குறிப்பிடுகிறேன்.

அலகு

வாலில் ஏற்கெனவே துளையிட்ட அலகையே வாங்குங்கள். கடினப்படுத்திய எஃகில் சாதாரண டிரில் பிட் இறங்காது, மழுங்கிப்போகும். இங்கே நான் எடுத்துக்கொள்ளும் அலகின் வால் 11 செ.மீ. நீளமும் 2.5 செ.மீ. அகலமும் 3 மி.மீ. தடிமனும் கொண்டது, அதில் 5 மி.மீ. துளைகள் மூன்று இருக்கின்றன. உங்களுடையது வேறு அளவாக இருந்தாலும் முறை மாறாது.

எந்த வேலையையும் தொடங்கும் முன் அலகின் வெட்டு வாயைத் தடித்த அட்டையால் மூடி, அதன்மேல் மாஸ்கிங் டேப்பை மூன்று நான்கு சுற்று சுற்றிவிடுங்கள். வேலை முடியும்வரை அதைப் பிரிக்க வேண்டாம். மரத்தைத் தேய்க்கும் கவனத்தில் கை அலகின் பக்கம் நழுவும். அப்போது காயம் படாமல் காப்பது இந்த அட்டைதான்.

மரம்

தேக்கு, வேங்கை, ஈட்டி, கருவேலம், புளி ஆகிய ஐந்தும் பிடிக்கு நன்றாக உழைக்கும். முதல் பிடிக்கு நான் தேக்கையே சொல்வேன். அது எளிதில் அறுபடும். ஈரத்தால் அதிகம் புடைக்காது. பழைய கதவு, சன்னல் சட்டங்களிலிருந்து பல ஆண்டுகள் காய்ந்த துண்டு கிடைக்கும். ஈட்டி அழகான மரம்தான். ஆனால் தமிழ்நாட்டில் அதைப் பாதுகாக்க 1994ஆம் ஆண்டில் தனிச் சட்டமே கொண்டுவரப்பட்டது என்பதால், பழைய மரச்சாமான்களின் உடைந்த துண்டுகளை எடுத்துக்கொள்வதே முறை. அதன் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் தரும். எந்த மரமானாலும் தேய்க்கும்போது முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள்.

மரம் காய்ந்திருக்கிறதா என்பதை அடுக்களைத் தராசிலேயே தெரிந்துகொள்ளலாம். துண்டை எடைபோட்டுக் குறித்துவைத்து, நிழலில் ஒரு வாரம் வைத்திருந்து மறுபடி எடைபோடுங்கள். எடை குறைந்திருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். அதை இப்போது ஒட்டினால் பிறகு சுருங்கி, இரும்பின் விளிம்பு மரத்தைத் தாண்டித் துருத்திக்கொண்டு கையில் உறுத்தும்.

ஒரே துண்டை நடுவில் பிளந்து இரண்டு கட்டைகளாக்கிக்கொண்டால் இருபுறமும் ரேகை ஒத்துவரும். ஒவ்வொன்றும் 12 செ.மீ. நீளம், 3.5 செ.மீ. அகலம், 1 செ.மீ. தடிமன் இருக்கட்டும். ரேகை பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் கத்தி கீழே விழும்போது கட்டை உடைந்துவிடும். உள்முகம், வெளிமுகம், இடம், வலம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

அடுத்து உள்முகங்களைச் சமதளமாக்க வேண்டும். தடித்த கண்ணாடித் துண்டின்மேல் 80ஆம் எண் உப்புத்தாளை ஒட்டி, அதில் கட்டையை ஒரே சீராக முன்னும் பின்னும் தேய்த்து, பிறகு 120ஆம் எண் தாளில் தேயுங்கள். கட்டையை வாலோடு சேர்த்துப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். எங்காவது ஒளிக்கீற்று தெரிந்தால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான். அந்த இடைவெளியைப் பசை நிரப்பிவிடும் என்று நம்பி மேலே போகாதீர்கள். பசை நிரப்பும், ஆனால் ஒரு கறுப்புக் கோடாக என்றென்றும் தெரியும்.

துளை

வலக் கட்டையின் உள்முகத்தில் வாலை வைத்துக் கிளாம்பால் (திருகி இறுக்கும் பிடிப்பானால்) இறுக்கி, அடியில் ஒரு வீண்பலகை கொடுத்து, வாலின் துளை வழியாகவே 5 மி.மீ. பிட்டால் முதல் துளையைப் போடுங்கள். அடிப்பலகை இல்லாவிட்டால் பிட் வெளியேறும் இடத்தில் மரம் சிம்பு சிம்பாகப் பிய்ந்துவிடும். முதல் துளை போட்டவுடன் அதில் ஒரு பித்தளை ஆணியைச் செருகிவிட்டு இரண்டாவது துளையைப் போடுங்கள். அதிலும் ஆணி செருகிய பிறகே மூன்றாவது. இப்படிச் செய்தால் கட்டை மயிரிழைகூட நகராது. ஆணிகள் இல்லாமல் மூன்றையும் தொடர்ந்து போட்டால் கடைசித் துளை பெரும்பாலும் சேராது. இடக் கட்டைக்கும் இதே முறைதான். டிரில் செங்குத்தாக இறங்க வேண்டும் என்பதால், கைடிரில் வைத்திருப்பவர்கள் அருகிலுள்ள பட்டறையில் நிலையான டிரில் இயந்திரம் இருந்தால் அங்கே கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது.

ஆணிக்கு 5 மி.மீ. பித்தளைக் கம்பியை 3 செ.மீ. துண்டுகளாக அறுத்து, முனைகளை அரத்தால் சற்றே கூம்பலாக்குங்கள். சிரமம் இல்லாமல் விரலால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும். சுத்தியலால் அடித்துத்தான் இறங்குகிறது என்றால், பசை போட்ட பிறகு அதே அடி கட்டையைப் பிளந்துவிடும்.

முன் விளிம்பு

நான் தவறவிட்டது இந்தக் கட்டத்தைத்தான். பிடிக்கட்டை அலகைச் சந்திக்கும் முன் விளிம்பை ஒட்டிய பிறகு தொட முடியாது. உப்புத்தாள் பட்டால் அலகில் கீறல் விழும். ஆகவே அலகை எடுத்துவிட்டு, இரண்டு கட்டைகளையும் உள்முகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி ஆணிகளால் சேர்த்து, இரண்டின் முன் விளிம்பையும் ஒன்றாகவே சரிவாக வளைத்துத் தேயுங்கள். சேர்த்துத் தேய்த்தால்தான் இருபுறமும் ஒரே இடத்தில் முடியும். 120, 220, 400 என்று வரிசையாகப் போங்கள். விரல் நுனியால் தடவினால் புளியங்கொட்டையின் வழவழப்பு தெரிய வேண்டும். மற்ற பக்கங்களை வாலின் கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு அறுத்துவைத்தால் போதும்.

பசை

ஐந்து நிமிடத்தில் இறுகும் பசையை வாங்காதீர்கள்; முதல்முறை செய்பவரின் கைக்கு அந்த நேரம் போதாது. அரால்டைட் போன்ற, இரண்டு குழாய்களில் வரும், மெதுவாக இறுகும் எப்பாக்சி பசையே சரி. வாலின் இருமுகங்களையும் ஆணிகளையும் 80ஆம் எண் தாளால் கீறிச் சொரசொரப்பாக்கி, அசிட்டோனில் நனைத்த துணியால் துடையுங்கள். அதன் பிறகு விரல் படக்கூடாது. தேக்கிலும் ஈட்டியிலும் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அது ஒட்டுவதைத் தடுக்கும் என்பதால் கட்டைகளின் உள்முகத்தையும் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும்.

பசையைத் தொடும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை வெறுமனே பூட்டிப் பாருங்கள். கிளாம்ப் எங்கே வரும், எந்த ஆணி முதலில் என்பதெல்லாம் அப்போதே முடிவாகிவிட வேண்டும். பிறகு இரண்டு குழாய்களிலிருந்தும் சம அளவு பிழிந்து, இரண்டு நிமிடம் நன்றாகக் கலந்து, மரத்திலும் இரும்பிலும் மெல்லியதாகப் பூசி, ஆணிகளைச் செருகி, இரண்டு மூன்று கிளாம்புகளால் இறுக்குங்கள். விளிம்பு நெடுகப் பசை மணிமணியாக வெளிவந்தவுடன் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் பசை முழுவதும் வெளியேறி, ஒட்டுவதற்கு உள்ளே எதுவும் இருக்காது. முன் விளிம்பில் வழிந்ததை மட்டும் அசிட்டோனில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் அப்போதே துடைத்தெடுங்கள். அரைமணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் கொஞ்சம் வழிந்திருக்கும். பிறகு ஒரு முழுநாள் தொடாமல் விட்டுவிடுங்கள்.

வடிவம்

துருத்தும் ஆணி முனைகளை அறுத்துவிட்டு, மர அரத்தால் வாலின் இரும்பு தெரியும்வரை சுற்றிலும் இறக்குங்கள். இயந்திரத்தில் தேய்ப்பவர்கள் அடிக்கடி நிறுத்திக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பித்தளை விரைவில் சூடேறி அதைச் சுற்றிய பசையை இளகச் செய்துவிடும். பிடியின் குறுக்குவெட்டு முழு உருண்டையாக வேண்டாம். முட்டை வடிவில் இருந்தால் கத்தியின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது பார்க்காமலே கைக்குத் தெரியும். கத்தியை அடிக்கடி கையில் பிடித்துப் பார்த்து, உறுத்தும் இடத்தை மட்டும் குறைத்துவாருங்கள். இதற்குக் கணக்கு எதுவும் கிடையாது. பயன்படுத்தப் போகிறவரின் உள்ளங்கைதான் அளவு. துணி முதுகு கொண்ட உப்புத்தாளை நாடாவாகக் கிழித்து, மோர் கடையும் கயிற்றைப்போல் இருபுறமும் மாற்றி மாற்றி இழுத்தால் வளைவுகள் சீராகும்.

400ஆம் எண் தாள் முடிந்ததும் ஈரத்துணியால் பிடியைத் துடைத்து உலரவிடுங்கள். மரநார்கள் எழுந்து மறுபடி சொரசொரக்கும். அவற்றை அதே தாளால் மெல்லத் தேய்த்து எடுங்கள். இதை இப்போது செய்யாவிட்டால் முதல்முறை கத்தியைக் கழுவும்போது அது தானே நடக்கும்.

எண்ணெய்

தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகாது. பிடி வழுக்கிக்கொண்டே இருக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு மரத்துக்குள்ளேயே இறுகும் தன்மை கொண்டது. மெல்லியதாகத் தடவி, கால்மணி நேரத்தில் மிச்சத்தை முற்றிலும் துடைத்துவிட்டு, ஓரிரு நாள் இடைவெளியில் நான்கைந்து முறை திரும்பச் செய்யுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் இறுகும்போது சூடு உண்டாகி, சுருண்ட துணி தானாகவே தீப்பற்றக்கூடும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள்.

கடைசி எண்ணெய் தடவியபின் இரண்டு வாரமாவது விட்டுவைத்து, பிறகு அட்டையைப் பிரித்துக் கத்தியைப் பயன்படுத்தத் தொடங்கலாம். கழுவியவுடன் துடைத்து வையுங்கள். தண்ணீரில் ஊறப்போடவோ கொதிநீரில் முக்கவோ வேண்டாம். மரம் வெளிறித் தெரியத் தொடங்கினால் மறுபடி ஒருமுறை எண்ணெய் தடவினால் போதும்.