விசைப்படகு ஜிபிஎஸ்ஸை லேப்டாப்பில் படிப்பது எப்படி? சீரியல் வயரும் புட்டியும்

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என எந்தத் துறையில் நிற்கும் விசைப்படகிலும், ஜிபிஎஸ் கருவிக்கு என்எம்இஏ 0183 (கடல் கருவிகள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் பொது முறை) அவுட்புட் இருந்தால் படகின் இருப்பிடம் வெறும் எழுத்துகளாக வயரில் வந்துகொண்டே இருக்கும். லேப்டாப்பில் அதைப் பார்க்க இரண்டு வயர் போதும்.

யூஎஸ்பி–ஆர்எஸ்232 கன்வெர்ட்டர் (பழைய 9 பின் சீரியல் போர்ட்டை யூஎஸ்பியில் தருவது), 9 பின் ஃபீமேல் கனெக்டர், கொஞ்சம் வயர், விண்டோஸ் லேப்டாப், சீரியலில் வரும் எழுத்தைத் திரையில் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் புட்டி மென்பொருள் ஆகியவை வேண்டும். ஆர்டுயினோவுக்கு விற்கும் சின்ன டிடிஎல் போர்டு இதற்கு ஆகாது. ஆர்எஸ்232 சிக்னலுக்கு அதன் சிக்னல் நேர்தலைகீழ். வருவதெல்லாம் குப்பை எழுத்து, போர்டும் போய்விடலாம்.

முதல் சோதனை வீட்டிலேயே. கன்வெர்ட்டரைச் செருகி, டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் பகுதியில் காம் எண்ணைப் பாருங்கள். அது காம்5 என்று வைத்துக்கொள்வோம். புட்டியில் சீரியலைத் தேர்ந்து, காம்5 என்றும் வேகம் 4800 என்றும் கொடுங்கள். இடப்பக்கப் பட்டியலில் கனெக்ஷன் என்பதன் கீழ் உள்ள சீரியல் பக்கத்தில் டேட்டா பிட் 8, ஸ்டாப் பிட் 1, பாரிட்டி நன் (None), ஃப்ளோ கன்ட்ரோல் நன். இந்தக் கடைசி ஒன்றைப் புட்டி தானாக நன் என்று வைப்பதில்லை, நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

இப்போது கன்வெர்ட்டரின் 2, 3 பின்களை ஒரு துண்டு வயரால் இணைத்துத் தட்டச்சு செய்தால் எழுத்து திரையில் வரும். வயரை எடுத்தால் நிற்கும். எடுத்த பிறகும் வந்தால் லோக்கல் எக்கோவை நிறுத்துங்கள். இது தேறாமல் படகில் ஏறாதீர்கள். அங்கே எது பழுது என்று பிரித்தறிய முடியாது.

படகில், ஜிபிஎஸ்ஸின் டேட்டா அவுட் வயர் பின் 2-க்கு, கிரவுண்டு பின் 5-க்கு. பின் 3 சும்மா இருக்கட்டும். அவுட்புட் ஏ, பி என இரண்டாக இருந்தால் ஏ மட்டும் 2-க்கு. பி வயரில் டேப் சுற்றிவிடுங்கள். அதே கேபிளில் 12 அல்லது 24 வோல்ட் பவர் வயரும் வரும். வயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் கருவியின் கையேட்டைப் பார்த்தே தொடுங்கள். லேப்டாப் அதன் பேட்டரியிலேயே ஓடட்டும்.

திரை வெறுமையா? கிரவுண்டைப் பாருங்கள், பிறகு ஜிபிஎஸ் மெனுவில் என்எம்இஏ அவுட்புட் ஆன் ஆகியிருக்கிறதா என்று. குப்பை எழுத்து என்றால் வேகம் பொருந்தவில்லை. 9600, 38400 போட்டுப் பாருங்கள். போர்ட்டே திறக்கவில்லையென்றால் வேறொரு மென்பொருள் அதைப் பிடித்து வைத்திருக்கும். எழுத்து விட்டுவிட்டு வந்தால் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நம் கடற்காற்றுக்குப் பின்னில் பச்சைக் களிம்பு ஏறாமல் இருப்பது அபூர்வம். அதைத் தேய்த்து எடுத்துவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள்.

சரியாக இருந்தால் டாலர் குறியில் தொடங்கும் வரிகள் ஓடும். அவற்றில் தொடக்கச் சொல் ஆர்எம்சி (RMC) என்று முடியும் வரியில் முதலில் நேரம். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது: 003000 என்றால் இங்கே காலை 6 மணி. அடுத்து ஏ என்றால் இருப்பிடம் கிடைத்துவிட்டது, வி என்றால் இன்னும் இல்லை.

குளச்சல் பக்கம் அகலாங்கு 0810.50 என்று வருவது 8 பாகை, 10.50 நிமிடம். நிமிடத்தை 60-ஆல் வகுத்துக் கூட்டினால் 8.175. நெட்டாங்கு 07715.00 அதேபோல 77.25. புள்ளியை மட்டும் நகர்த்தி 8.105, 77.15 என்று வரைபடத்தில் குறித்தால், கரையில் கட்டிய படகு 13 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் நிற்கும்.