ஜிலேபி மீனுக்குக் கொய்யா இலைக் கஷாயம்

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புப் பண்ணைக்குட்டையில் ஜிலேபி மீன், அதாவது திலேப்பியா விட்ட முதல் வருடம், மீனுக்கு நோய் வரக்கூடாதென்று வேப்பிலையை இடித்துச் சாறு பிழிந்து ஒரு குடம் அப்படியே குட்டையில் ஊற்றினேன். மறுநாள் விடியலில் கரையோரம் நாற்பது மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. வேம்பு மீனுக்கு நஞ்சு என்பது அப்போது எனக்குத் தெரியாது. மூலிகையைத் தண்ணீரில் ஊற்றாதீர்கள், தீவனத்தில் ஏற்றுங்கள்.

அதற்கு முன் ஒன்று: திலேப்பியா வளர்க்க மீன்வளத் துறையில் பதிவும் அனுமதியும் வேண்டும். குஞ்சுகள் ஆண் மட்டுமே உள்ளவையாக இருக்கட்டும். இல்லையென்றால் இனம் பெருகிக் குட்டை முழுக்கப் பொடிமீன்தான்.

இனி ஒரு கிலோ மிதவைத் தீவனத்துக்கான அளவு. நிழலில் உலர்த்திப் பொடித்த கொய்யா இலை 20 கிராம். இதை 200 மில்லி தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் பாதியாகச் சுண்டவிட்டு, துணியில் வடிகட்டி ஆறவையுங்கள். ஆறிய பிறகே 10 கிராம் பூண்டை மைபோல் அரைத்துக் கலக்க வேண்டும். சூட்டில் பூண்டின் வீரியம் போய்விடும். திப்பி இருந்தால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும், மறுபடி வடிகட்டுங்கள். ஒட்டுவதற்கு ஒரு கரண்டி அரிசிக் கஞ்சி.

தீவனத்தை முறத்தில் பரப்பி, கையால் புரட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். தீவன உருண்டை ஈரப்பட வேண்டும், ஊறக் கூடாது. ஊறினால் மூழ்கிவிடும், மீன் தின்றதா என்று தெரியாது. அரை மணி நேரம் நிழலில் உலர்ந்ததும் ஒரு கரண்டி எண்ணெய் பூசினால் மருந்து தண்ணீரில் கரைவது குறையும். அன்றன்றைக்குச் செய்வதே நல்லது. பூஞ்சை வாடை வந்தால் எருக்குழிக்குத்தான்.

100 கிராம் எடையில் 500 மீன்கள் என்றால் மொத்தம் 50 கிலோ. அதில் மூன்று சதவீதம், அதாவது நாளுக்கு ஒன்றரைக் கிலோ தீவனம். காலையில் பாதியை மூலிகையோடும், மாலையில் மீதியை வெறுமனேயும் போடுகிறேன். மூலிகையைப் பத்து நாள் கொடுத்து இருபது நாள் இடைவெளி. முதல் தடவை பத்து மீன்களைத் தொட்டியில் விட்டு மூன்று நாள் பார்த்துவிட்டுக் குட்டைக்குப் போங்கள்.

விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால் அது காற்றுக் குறைவு; கஷாயம் உதவாது, மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை மேலிருந்து விழவிடுங்கள். கண் பிதுங்கி வட்டமடித்தால் நோய் முற்றிவிட்டது. அத்தகைய மீன் ஒன்றை உயிரோடு, குட்டைத் தண்ணீருடன் பையில் பிடித்துப் பாரூர் மீன்வளப் பல்கலைக்கழக மையத்துக்குக் கொண்டுபோங்கள். செத்து நாறிய மீனை வைத்துச் சோதிக்க முடியாது.