புரோநோட்டுக் கடனுக்கு வழக்குப் போடும் முன்

புரோநோட்டு, அதாவது கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு, வாங்கிக்கொண்டு கொடுத்த கடன் திரும்பவில்லை என்று வக்கீலைத் தேடிப் போகிறவர்களில் பலருக்கு, பிராது (வழக்கு மனு) தயாராகும் முன்பே வழக்கு கைவிட்டுப் போயிருக்கும். பெரும்பாலும் ஸ்டாம்பில் கோட்டை விட்டிருப்பார்கள், இல்லையென்றால் தேதியில்.

முதலில் நோட்டை எடுத்துப் பாருங்கள். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டியிருக்க வேண்டும். கையெழுத்து ஸ்டாம்பின் மேலும் தாளின் மேலுமாக ஓடியிருப்பது நல்லது. மறுபடி பயன்படுத்த முடியாதபடி அடிக்கப்படாத ஸ்டாம்பு, ஒட்டாததற்குச் சமம். மற்ற பல பத்திரங்களுக்கு அபராதம் கட்டிக் குறையைச் சரிசெய்யலாம். புரோநோட்டுக்கு அந்த வழி கிடையாது, சாட்சியமாக ஏற்கவே மாட்டார்கள். இந்த ஒரு ரூபாய் விஷயத்தில் லட்சங்கள் போகின்றன.

அடுத்து கெடு. கேட்கும்போது தருவதாக எழுதிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து 3 வருடம். கேட்ட தேதியிலிருந்து அல்ல. 10-3-2023 தேதியிட்ட நோட்டுக்கு 10-3-2026க்குள் வழக்குத் தாக்கலாக வேண்டும். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் கெடு நீளும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் ஏராளம். நோட்டீஸும் நீட்டிக்காது, "அடுத்த மாசம் தர்றேன்" என்ற வாய்வார்த்தையும் நீட்டிக்காது.

நீட்டிப்பது வரவு, அதாவது கடனில் ஒரு பகுதியைக் கட்டியதற்கான குறிப்பு. கெடு முடிவதற்குள் ஒரு சிறு தொகையாவது கட்டி, நோட்டின் பின்புறம் கடன் வாங்கியவர் தம் கையாலேயே வரவு எழுத வேண்டும், அல்லது பிறர் எழுதியதில் கையெழுத்திட வேண்டும். அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம் ஓடும். கடன் கொடுத்தவரே எழுதி வைத்துக்கொள்ளும் வரவு செல்லாது. கெடு தாண்டிய பிறகு எழுதும் வரவும் அப்படியே. அந்த நிலையில் பழைய கடனைத் தருவதாகப் புது நோட்டு எழுதி வாங்குவதே வழி.

தமிழ்நாட்டில் கோர்ட்டுக் கட்டணம் பொதுவாக 3 சதவீதம். 2 லட்சத்துக்கு 6,000 ரூபாய். பிராதோடு அசல் நோட்டைக் கொடுக்க வேண்டும், ஜெராக்ஸ் போதாது. சம்மன் கிடைத்த 30 நாளில், அதிகபட்சம் 90 நாளில், பிரதிவாதி பதிலுரை போட வேண்டும். "வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள், பணம் வாங்கவில்லை" என்பதே வழக்கமாக வரும் பதில். நோட்டை எழுதிக் கொடுத்தது நிரூபணமானால் பணம் வாங்கியதாகவே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பொறுப்பு பிரதிவாதியுடையது. ஆனாலும் அந்த அனுமானத்தை உடைக்க முடியும். 'கடன் கொடுக்க உங்களிடம் அவ்வளவு பணம் ஏது?' என்ற குறுக்கு விசாரணைக்கு வங்கிக் கணக்கு விவரம்தான் சரியான பதில். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் வங்கி வழியாகவே கொடுங்கள்; ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது.

நடுவில் சமரசம் பேச வாய்ப்பு வந்தால் தட்டாதீர்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் கட்டணம் திரும்பும், அதன்மேல் அப்பீலும் கிடையாது.

டிகிரி (பணத்தைத் தரச் சொல்லும் கோர்ட்டுத் தீர்ப்பாணை) கிடைத்துவிட்டாலும் பணம் தானாக வராது. நிறைவேற்று மனு போட வேண்டும். அதற்கு 12 வருட அவகாசம் உண்டு. எதிராளி சம்பளக்காரர் என்றால் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் விட்டுவிட்டுத்தான் ஜப்தி செய்ய முடியும். ஆகவே வழக்குப் போடும்போதே அவர் பெயரில் உள்ள சொத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்து வையுங்கள். விற்கப் பார்க்கிறார் என்பதற்கு ஆதாரம் கிடைத்தால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்டு அதே வழக்கில் மனுப் போடலாம்.