கழுத்து வழியே மூச்சு: எந்த முறை என்று ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் ஐசியூ வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்: "தொண்டையில ஓட்டை போடணுங்கறாங்க. கத்தி வெச்சுப் பண்றது நல்லதா, ஊசி போட்டுப் பண்றது நல்லதாண்ணு யாரையாவது கேளுங்க." உடனே கோயம்புத்தூரில் இருக்கும் மச்சானுக்கு ஒரு போன் போகும். அவரும் தெரிந்ததைச் சொல்வார். யாருக்கு, எந்த நிலைமையில், வீட்டுக்குப் போனபின் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று கேட்காமல் சொல்லும் எந்தப் பதிலும் அரைகுறைதான்.

முதல் தவறு, மூன்று வேறு வேலைகளை ஒரே பெயரில் போட்டுக் குழப்புவது. கழுத்தின் முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் குருத்தெலும்பைத் தொட்டுப் பாருங்கள். விரலைக் கீழே இறக்கினால் சின்னப் பள்ளம். அதற்கும் கீழே மோதிரம் போல இன்னொரு குருத்தெலும்பு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வைக் கீறிக் குழாய் விடுவது கிரிக்கோதைராய்டாட்டமி. அதற்குக் கீழே, மூச்சுக்குழலின் 2, 3-வது வளையங்களை ஒட்டித் திறப்பது டிராக்கியாஸ்டமி. இதில் இரண்டு வகை. தோலைக் கீறி, தசைகளை விலக்கி, மூச்சுக்குழலைக் கண்ணால் பார்த்துத் திறப்பது ஒன்று. ஊசி குத்தி, அதன் வழியே மெல்லிய கம்பியை விட்டு, கம்பியின் மேல் துளையை விரித்துக் குழாய் செலுத்துவது இன்னொன்று. பேச்சுவழக்கில் பெர்குடேனியஸ் என்பார்கள்.

கிரிக்கோதைராய்டாட்டமியை மற்ற இரண்டோடு தராசில் வைப்பதே தவறு. வாய் வழியே குழாய் போகவில்லை, மாஸ்க் வைத்தும் காற்று ஏறவில்லை, ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே போகிறது என்னும்போது கடைசி ஆயுதமாக எடுப்பது அது. அங்கேயும் "ஊசிதான் பாதுகாப்பு, கத்தி ஆபத்து" என்ற எண்ணம் காலை வாரும். மூச்சுவழிச் சிக்கல்களைப் பற்றிப் பிரிட்டனில் 2011-இல் வெளியான நாப்-4 என்ற தணிக்கையில், இப்படி அவசரத்தில் மெல்லிய குழாயைக் குத்தி ஏற்ற முயன்றவற்றில் சுமார் 60 சதவீதம் தோற்றிருந்தன. கத்தியால் திறந்தவை பெரும்பாலும் பலித்தன. அதனால்தான் அங்குள்ள மயக்கவியல் நிபுணர்களின் 2015 வழிகாட்டுதல் கத்தி, வளையும் வழிகாட்டிக் குச்சி, 6 மில்லிமீட்டர் குழாய் என்று எளிமையாக முடித்துவிட்டது. உயிர் காப்பாற்றிய அந்தக் குழாயை அங்கேயே நெடுநாள் விட்டுவைப்பதும் வழக்கமில்லை. கழுத்தில் மேலே வைத்த குழாயால் குரல்வளைக்குக் கீழே சுருக்கம் விழும் என்று செவாலியர் ஜாக்சன் என்ற அமெரிக்கத் தொண்டை மருத்துவர் 1921-லேயே எச்சரித்தார். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் அந்தப் பயத்தைக் கொஞ்சம் குறைத்தாலும், நாள்பட்ட தேவைக்குக் கீழேயுள்ள டிராக்கியாஸ்டமிக்கு மாற்றுவதே நடைமுறை. குழந்தைகளுக்கு அந்தச் சவ்வு மிகவும் சின்னது, கத்தி வைப்பதைத் தவிர்ப்பார்கள்.

அடுத்தது, "பெர்குடேனியஸ் புதுசு, அதனால் நல்லது." அவ்வளவு புதுசு ஒன்றும் இல்லை. சியாலியா என்ற அமெரிக்க மருத்துவர் அதை 1985-இல் விவரித்தார். திறந்த அறுவையை ஜாக்சன் ஒழுங்குபடுத்தியது 1909-இல். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் 2016 தொகுப்பு 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பெர்குடேனியஸில் காயத்தில் சீழ் பிடிப்பது குறைவு, தழும்பும் நன்றாக ஆறுகிறது. இறப்பில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. தழும்பு சின்னதாக இருப்பது நல்ல விஷயம்தான், ஆனால் அதை வைத்து மட்டும் முறையைத் தேர்வு செய்யக் கூடாது.

ஏனென்றால் பெர்குடேனியஸ் முறைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. பெரும்பாலும் வாய் வழியே குழாய் ஏற்கெனவே போட்டு, மூச்சு கட்டுப்பாட்டில் இருக்கும் நோயாளிக்குத்தான் அதைச் செய்வார்கள். பல்லில் தொடங்கிய சீழ் தாடைக்கு அடியில் பரவி, நாக்கு மேலே தூக்கி, வாயே திறக்க முடியாமல் வருகிறவருக்கு அது ஒத்துவராது. புகையிலையால் வந்த புற்றுக்கட்டி தொண்டையை அடைத்திருப்பவருக்கும் அதே கதைதான். அவர்களை உட்காரவைத்தோ சாய்த்துவைத்தோ, கழுத்தை மட்டும் மரக்கவைத்து, விழித்திருக்கும்போதே திறந்த முறையில் செய்வதுதான் பல நேரம் பத்திரமான வழி. தைராய்டு கழலை, ஏற்கெனவே கழுத்தில் அறுவை, இரத்தம் உறைவதில் கோளாறு, தொட்டால் வளையம் தெரியாத குட்டையான தடித்த கழுத்து, இவையெல்லாம் யோசிக்கவைக்கும். அல்ட்ராசவுண்டும், மூச்சுக்குழலுக்குள் பார்க்கும் கேமராவான பிராங்கோஸ்கோப்பும், கைப்பழக்கமும் இருந்தால் இவற்றில் சிலவற்றைச் சமாளிக்கலாம். டாக்டரிடம் "எந்த முறை?" என்று கேட்பதைவிட "இவருக்கு ஏன் இந்த முறை? உள்ளே கேமரா வைத்துப் பார்த்துக்கொண்டே செய்வீர்களா?" என்று கேளுங்கள்.

திறந்த முறை என்றால் தியேட்டருக்குத்தான் போக வேண்டும் என்பதும் சரியில்லை, ஐசியூ படுக்கையிலேயே செய்வதுண்டு. செலவிலும் அப்படித்தான். ஒன்றில் தியேட்டர் வாடகை, மற்றொன்றில் ஒருமுறை மட்டும் பயன்படும் கிட். மொத்தத் தொகையைக் கேட்டுக்கொண்டால் போதும்.

நாள் கணக்கில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. "ஏழு நாள் ஆயிடுச்சு, ஏன் இன்னும் போடல?" ஆத்தூர், கெங்கவல்லிப் பக்கமிருந்து பூச்சிமருந்து விஷத்தோடு வருகிறவர்களுக்கு வென்டிலேட்டர் நீண்டுகொண்டே போவதைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுகிறது. பிரிட்டனில் நடந்து 2013-இல் வெளியான ட்ராக்மேன் ஆய்வில் 909 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு 4 நாளுக்குள் டிராக்கியாஸ்டமி, மறு பாதிக்கு 10 நாள் கழித்துத் தேவைப்பட்டால் மட்டும். இறப்பில் வித்தியாசமில்லை. காத்திருந்த பாதியில் 45 சதவீதம் பேருக்குத்தான் அது தேவையே பட்டது. காத்திருப்பதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால் முறையின் வித்தியாசம் வீட்டாருக்கு நிஜமாக உறைக்க வேண்டிய இடம், முதல் பத்து நாள். திறந்த முறையில் வழி வெட்டி உண்டாக்கப்பட்டது. பெர்குடேனியஸில் வழி விரித்து உண்டாக்கப்பட்டது, குழாய் நழுவினால் திசுக்கள் சட்டென்று சேர்ந்து மூடிக்கொள்ளும். இரண்டிலுமே வழி உறுதிப்பட நாளாகும், பெர்குடேனியஸில் சுமார் 7 முதல் 10 நாள். அதற்குள் நழுவிய குழாயைக் குருட்டாம்போக்கில் திருப்பித் தள்ளினால் அது மூச்சுக்குழலுக்குப் போகாமல் அதன் முன்னால் உள்ள திசுவுக்குள் போய்விடலாம். அந்த நேரத்தில் கழுத்துத் துளையை மூடி, வாய் வழியே ஆக்சிஜன் கொடுத்து, வாய் வழியாகவே மறுபடி குழாய் போடுவதுதான் ஐசியூவில் முதல் யோசனை. குரல்வளையையே எடுத்துவிட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்களுக்கு வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பே இல்லை, கழுத்தில்தான் ஆக்சிஜன் வைக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு துளையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் எந்த முறை, எந்தத் தேதி, குழாயின் அளவு, கஃப் (குழாயைச் சுற்றி ஊதும் சின்னப் பலூன்) உண்டா இல்லையா, இந்த நான்கும் டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லாமல் வெளியே வராதீர்கள்.

ஏற்காட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் உண்டு. மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு திருப்பத்திலும் தலை ஒரு பக்கம், குழாயோடு சேர்ந்த ட்யூபிங் ஒரு பக்கம் இழுக்கும். கட்டுநாடாவில் ஒரு விரல் மட்டும் நுழையும் அளவு இறுக்கம் இருக்கட்டும். வண்டியிலேயே அதே அளவில் ஒரு குழாயும், ஓர் அளவு சின்னதாக இன்னொன்றும், பேட்டரியில் ஓடும், சளி உறிஞ்சும் சக்‌ஷன் மெஷினும் வேண்டும். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் சேலத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. கீழே விரலில் மாட்டும் மெஷின் ஆக்சிஜன் அளவு 92 என்று காட்டி "சரி, போகலாம்" என்றால், மலைமேல் நாகலூர் போய்ச் சேரும்போது அது அப்படியே நிற்காது. மார்கழிக் குளிர்க்காற்று மூக்கைத் தொடாமல் நேராக உள்ளே போவதால் சளி கெட்டியாகிக் குழாயை அடைக்கும். ஈரப்பதம் காக்கும் மூடியை வாங்கிக்கொள்ளுங்கள், உள்குழாயைத் தினமும் கழுவுங்கள். சக்‌ஷன் ஒரு தடவைக்கு 10, 15 நொடிக்கு மேல் வேண்டாம்.

"இனிமே பேச்சே வராதா?" என்ற பயத்துக்கு: குழாயை எடுத்தபின் துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும், பேச்சும் பலருக்குத் திரும்பும். நடுவிலேயே பேசவைக்கும் வால்வும் உண்டு. ஆனால் கஃப் ஊதியிருக்கும்போது அந்த வால்வைப் போடவே கூடாது. காற்று உள்ளே போகும், வெளியே வர வழியிருக்காது.

கடைசியாக, குழாயைச் சுற்றி வரும் இரத்தம். முதல் நாள் சிறு கசிவு பல நேரம் சாதாரணம். சில நாள் கழித்து, குறிப்பாக முதல் மூன்று நான்கு வாரத்துக்குள், திடீரென்று புதிதாக இரத்தம் வந்து தானே நின்றுவிட்டாலும் "நின்னுடுச்சே" என்று விடக் கூடாது. அபூர்வமாக அது மூச்சுக்குழலுக்கு முன்னால் ஓடும் பெரிய தமனி அரிக்கப்படுவதன் முன்னறிவிப்பாக இருக்கும். ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட்டு இறங்கிவிட வேண்டும்.