கோபத்தைக் கட்டுக்குள் வைக்கப் பழகுவது எப்படி?

பல்லைக் கடித்துக்கொண்டு கோபத்தை விழுங்குவதைச் சுயக்கட்டுப்பாடு என்று எண்ணுவோர் அதிகம். உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வில், அருவருப்பூட்டும் படத்தைப் பார்த்தும் முகத்தில் எதையும் காட்டாமல் இருந்தவர்களுக்கு உள்ளே அருவருப்பு குறையவில்லை. உடலின் பதற்றம்தான் ஏறியது. கொட்டித் தீர்த்தால் ஆறிவிடும் என்பதும் பொய். கோபமூட்டியவரை நினைத்துக் குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியதை பிராட் புஷ்மன் 2002இல் காட்டினார்.

ஆகவே வேலை கோபம் வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும். உங்களை அடிக்கடி சீண்டும் ஒரே ஒரு சூழலை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு வரி எழுதுங்கள்: “அவர் குரலை உயர்த்தினால், நான் இரண்டு முறை மெதுவாக மூச்சை விட்ட பிறகே பேசுவேன்.” சூழலும் செயலும் இரண்டுமே அதில் இருக்க வேண்டும். “இனி கோபப்பட மாட்டேன்” என்ற சபதம் உடைவதற்குக் காரணம், அந்த நொடியில் என்ன செய்வது என்று அது சொல்லாததுதான்.

மூச்சை அமைதியான நேரத்திலேயே பழகுங்கள். சண்டையின் நடுவில் புதிதாகக் கற்க முடியாது. நாளுக்கு ஐந்து நிமிடம், 4 வினாடி உள்ளே, 6 வினாடி வெளியே. வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு தணிகிறது. தலை சுற்றினால் அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள். சாதாரண மூச்சுக்குத் திரும்புங்கள்.

கோபமூட்டும் செய்திக்கு அரை மணி நேரம் பதில் அனுப்பாதீர்கள். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்: கை சும்மா இருக்கும், மனம் அதே வாக்குவாதத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டும். அப்படிக் காத்திருந்தால் கோபம் வளரத்தான் செய்யும். கவனம் முழுவதையும் கேட்கும் வேறு வேலையில் இறங்குங்கள். பிறகு, வந்தது கோபம்தானா, அவமானமா, பயமா என்று ஒரே சொல்லில் எழுதிப் பாருங்கள். அதன்பின் எழுதும் பதிலின் தொனியே மாறியிருக்கும்.

தூக்கமில்லாத நாளில் முக்கியமான பேச்சைத் தள்ளிப்போடுங்கள்.

அநியாயத்தைப் பொறுத்துப்போகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஆனால் கோபத்தில் கை ஓங்கும் நிலை இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், இந்தப் பயிற்சி போதாது.

2010இல் வெளியான பிலிப்பா லாலியின் ஆய்வில், ஒரு பழக்கம் படிய ஆன காலம் 18 முதல் 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறியது. ஒருநாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை. தவறினால் எழுதிய வரியைத் திருத்துங்கள்: குரல் உயர்வதற்கு முன்பே தாடை இறுகியிருந்தால், “தாடை இறுகினால்” என்று தொடங்குங்கள்.