பெயரை மாற்றினால் போதாது: கதை எழுதத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊர் வாசிகசாலையில் மாதத்துக்கு ஒருமுறை கூடி, புதிதாக எழுதுபவர்களின் சிறுகதைகளை வாசித்துப் பேசுகிறோம். எழுத்துப்பிழை, நீட்டி முழக்கும் வர்ணனை எல்லாம் நாலு கதை எழுதினால் தானாகச் சரியாகும், அவற்றை விடுகிறேன். பாத்திரங்களை எங்கிருந்து எடுக்கிறார்கள், எடுத்தபின் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் நான் அந்தக் காலத்தில் விட்ட பிழைகளையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

தெரிந்த ஒருவரை அப்படியே தூக்கி வைப்பது

போன கூட்டத்தில் ஒரு தம்பி, கனடாவிலிருந்து திரும்பி வந்த ஒருவரைப் பற்றிக் கதை வாசித்தார். பாதி வாசிக்கும்போதே இருந்தவர்களுக்கு ஆள் யாரென்று விளங்கிவிட்டது. கேட்டால், "பெயரை மாத்திப்போட்டன்தானே அண்ணை" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, அந்த வசனத்தின் மேல். இருபது வருசத்துக்கு முன் நானும் அதையேதான் சொன்னேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா இருந்தார். மகன் காணாமல் போனவர். இரவில் படலையைப் பூட்ட மாட்டார். அதை நான் கதையாக எழுதினேன். பெயர் மட்டும் வேறு. பச்சைத் தகரப் படலை, அவர் வளர்த்த ஆடு, ஒரு காலை இழுத்து நடப்பது எல்லாம் அவருடையவை. கதை ஒரு சஞ்சிகையில் வந்தது. யாரோ கொண்டுபோய் அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து படலையைப் பூட்டத் தொடங்கினார்.

இவ்வளவுக்கும் அது நல்ல கதையும் இல்லை. வேலிக்கு மேலால் தெரிந்ததுதான் எனக்குத் தெரியும். பாத்திரத்தை ஏதாவது செய்யவைக்கப் பார்த்தால், "அக்கா அப்படிச் செய்யமாட்டாவே" என்று என் மனமே தடுக்கும். அதனால் அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை காத்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

இப்போது ஒருவரிடமிருந்து ஒன்றைத்தான் எடுப்பேன். பூட்டாத படலையை எடுத்தால், அதைச் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்கிற, கடனை வாயாலேயே அறவிடுகிற ஒருத்திக்குக் கொடுப்பேன். அவளுடைய பயம் என்னுடையதாக இருக்கும். பிறகு கேள்விகள். ஏன் பூட்டவில்லை என்று அயலவர் கேட்டால் என்ன பொய் சொல்வாள்? வீட்டை விற்போம் என்று மகள் வந்து நின்றால்? இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் நான் நினைத்தே பார்க்காதது: விற்கலாம், ஆனால் படலையைக் கழற்றிக்கொண்டுதான் போவேன் என்றாள். வேலிக்கு மேலால் எவ்வளவு நேரம் பார்த்திருந்தாலும் இந்தப் பதில் கிடைத்திருக்காது.

வயது, தொழில், வீடு, குடும்பம், இவற்றில் மூன்றையாவது மாற்றுங்கள். துயரமே இன்னொருவருடையது என்றால், எழுதுமுன் அவரிடம் போய்க் கேளுங்கள்.

காயத்தை மட்டும் எழுதுவது

1995 ஒக்டோபர் 30 இரவு, போரில் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதிச் சனம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்ததைப் பலர் எழுதிக் கொண்டுவருகிறார்கள். எல்லாக் கதையிலும் எல்லாரும் அழுதபடிதான் நாவற்குழிப் பாலத்தைக் கடக்கிறார்கள். என் அம்மம்மா அழவில்லை. அடுப்பில் வைத்த பாலை இறக்காமல் வந்துவிட்டாள் என்று மாமியோடு வழிநெடுகச் சண்டை பிடித்தார். அந்தச் சண்டையை எழுதுங்கள்.

எல்லாரும் ஒரே மாதிரிப் பேசுவது

வடமராட்சிப் பேச்சு வேறு, தீவகத்துப் பேச்சு வேறு. சரி, அது பலருக்கும் தெரியும். ஆனால் ஒரே ஆளே மீன்காரரிடம் ஒரு விதமாகவும் மாமனாரிடம் இன்னொரு விதமாகவும் பேசுவாரே, அது கதைகளில் வருவதில்லை. நீ, நீர், நீங்கள் என்று மூன்று வைத்திருக்கிறோம். ஒருவர் எதை யாருக்குச் சொல்கிறார், எந்தக் கோபத்தில் 'நீர்' போய் 'நீ' வருகிறது என்று கவனித்தாலே பாதி ஆள் பிடிபட்டுவிடுவார்.

பிறந்த வருசம் பாராமல் பெயர் வைப்பது

1940இல் பிறந்தவர் அன்னம்மாவாக இருக்கட்டும். டிலக்சி பேத்தியின் பெயர்.

பஸ்ஸில் கேட்டதை அடுத்த நாளுக்கு வைப்பது

விடிந்தால் விசயம் நிற்கும், சொன்ன விதம் போய்விடும். அன்றிரவே கொப்பியில் எழுதுங்கள்.